மிக்-21 உடல், ஜாகுவார் கன்னங்கள்: உதிரிப் பாகங்களில் ஒரு கற்பனை விமானம்

உதிரிப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சூலூருக்குப் பக்கத்தில் வீடு. தேஜஸ் தலைக்கு மேல் போகும் நாளில்தான் எனக்கு மேசையில் உட்காரக் கை பரபரக்கும்.

உதிரிகளைப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் 1/72 அளவு (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் மிக்-21 போர் விமானம் ஒன்றின் உடல், வால், டெல்டா இறக்கைகள் இருக்கின்றன. வீடு மாறியபோது மூக்கு வளையமும் கூம்பும் எங்கோ போய்விட்டன. அதே அளவில் ஒரு ஜாகுவார் போர் விமானம். பரணில் அதன்மேல் பாரம் விழுந்து இறக்கை இரண்டாக ஒடிந்துவிட்டது. ஆனால் பக்கவாட்டில் இருக்கும், என்ஜினுக்குக் காற்று போகும் நுழைவாய்கள் இரண்டும் பழுதில்லாமல் தப்பின. ஒன்றுக்கு வாய் இல்லை, மற்றதில் வாய் மட்டும்தான் மிச்சம். நேற்று இரவு ஜாகுவாரின் நுழைவாயை மிக்கின் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெகுநேரம் கையை எடுக்க மனம் வரவில்லை.

இரண்டு கேள்விகள். இப்படி ஒரு விமானம் பறந்திருக்கும் என்று பார்ப்பவர் நம்புவாரா? “இது ஜாகுவாரிலிருந்து எடுத்தது” என்று யாருக்கும் தெரியாதபடி அந்தப் பாகங்களைச் செதுக்கி மாற்ற வேண்டுமா, அப்படியே விடலாமா?

சாம்பல் பிரைமர்

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: தெரியவே கூடாது.

ஒட்டி முடித்ததும் முழு மாடலுக்கும் ஒரே சாம்பல் நிறப் பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடியுங்கள். வெள்ளை பிளாஸ்டிக், பச்சை பிளாஸ்டிக், புட்டி எல்லாம் ஒன்றாகிவிடும். அதன் பிறகும் கண் ஒரு பாகத்தில் போய் நின்று “இது அதுவல்லவா” என்று கேட்டால் வேலை முடியவில்லை என்று பொருள். திருப்பி ஒட்டுங்கள், பாதியாக வெட்டுங்கள், தலைகீழாக வையுங்கள்.

1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு கலிபோர்னியாவின் வான் நைஸில் ஒரு கிடங்கில் மாடல் செய்தார்கள். அதில் வரும் மில்லேனியம் ஃபால்கன் விண்கப்பலின் மேற்பரப்பு முழுக்கக் கடைகளில் வாங்கிய டாங்கி, கார், விமானக் கிட்களின் (ஒட்டிச் சேர்க்கும் மாடல் பெட்டிகளின்) துண்டுகள்தான். டாங்கியின் அடிப்பாகத்தை யாரும் டாங்கியாகப் பார்க்கவில்லை. கப்பலின் குடல்போல் பார்த்தார்கள். அந்தச் சின்னச் சின்னத் துண்டுகளுக்குத் தொழிலில் கிரீபிள் என்று பெயர். கண்ணுக்கு அளவைச் சொல்வது அவைதான். வெறும் மேற்பரப்பைப் பார்த்தால் அது பத்து மீட்டரா நூறு மீட்டரா என்று கண்ணால் சொல்ல முடியாது.

அதனால் அளவில் கவனமாக இருங்கள். 1/72இல் ஒரு ஆள் சுமார் 24 மில்லிமீட்டர், 1/48இல் 36, 1/35இல் 50. டின்னில் 1/48 கிட்டின் ஏணியோ கைப்பிடியோ கிடந்தால் 1/72 விமானத்தில் ஒட்டிவிடாதீர்கள். என்ன தவறு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் விமானம் பொம்மையாகிவிடும்.

கொட்டகை 7

தம்பி, முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். விமானப் படையில் உடற்கூட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மிக்-21இன் அடியில் படுத்து நாள் கணக்கில் வேலை செய்திருக்கிறேன்.

நீங்கள் நினைத்ததை ரஷ்யர்களே நினைத்திருக்கிறார்கள். மிக்-21இல் காற்று மூக்கு வழியாகப் போகிறது. ரேடார் அந்த மூக்கின் நடுவில் இருக்கும் கூம்புக்குள் அடங்க வேண்டும். பெரிய ரேடார் வேண்டுமென்றால் கூம்பு பெரிதாக வேண்டும். கூம்பு பெரிதானால் காற்றுக்கு வழி குறையும். இந்த இடுக்கிலிருந்து வெளியே வர 1962இல் யே-8 என்று இரண்டு சோதனை விமானங்கள் செய்தார்கள். நுழைவாயைத் தாடைக்குக் கீழே இறக்கி, மூக்கை ரேடாருக்கு விட்டு, முன்பக்கம் சிறு இறக்கைகளும் வைத்தார்கள். தொடர் உற்பத்திக்கு அது போகவில்லை. சீனர்கள் தங்கள் மிக்-21 வழி விமானத்தை எடுத்து, நுழைவாய்களைப் பக்கவாட்டுக்கு மாற்றி, ஜேஎல்-9 என்ற பயிற்சி விமானம் செய்தார்கள். 2003இல் முதலில் பறந்தது. உங்கள் கற்பனைக்கு அண்ணன் தம்பிகள் உண்டு.

ஆனால் ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும். மிக்கின் மூக்குக் கூம்பு வேகத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகரும். ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் அதிர்ச்சி அலையைச் சரியான இடத்தில் நிறுத்துவது அதன் வேலை. ஜாகுவாரின் நுழைவாய் அசையாதது. அந்த விமானம் தாழப் பறந்து தரையைத் தாக்கப் பிறந்தது. மேலே போனாலும் ஒலியைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான். ஆகவே உங்கள் விமானம் இனி உயரத்தில் துரத்திப் பிடிக்கும் வேட்டைக்காரன் அல்ல. நல்ல ரேடாரோடு நடு உயரத்தில் வேலை செய்யும் விமானம். அதற்கேற்ப இறக்கைக்கு அடியில் என்ன தொங்கவிடுவது என்று யோசியுங்கள்.

இன்னொன்று முக்கியம். நுழைவாயை உடலோடு ஒட்டிவிடாதீர்கள்! உடலை உரசிக்கொண்டு வரும் காற்று வேகம் இழந்து, கலங்கி வரும். அது என்ஜினுக்குள் போனால் காற்றை அழுத்தும் அமுக்கி (கம்ப்ரஸர்) திணறும். அதனால் உடலுக்கும் நுழைவாய்க்கும் நடுவில் ஒரு இடைவெளி விடுவார்கள். கைவிரல்கள் நுழையும் அளவு என்று வையுங்கள், ஏழு சென்டிமீட்டர். உங்கள் அளவில் ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டர் இருந்தால் விமானம் தெரிந்தவர் உங்களை நம்புவார்.

உதிரிப்பெட்டி

ஐயா, அந்த ஒரு மில்லிமீட்டரைப் படித்துவிட்டு இரவே டின்னைத் திறந்துவிட்டேன். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டிக் தகடு கையில் இருக்கிறது. நுழைவாயின் உள்பக்க விளிம்பிலிருந்து சற்றுப் பின்தள்ளி, பட்டையாக வெட்டி வைத்துப் பார்த்தேன். அதுவரை ஒட்டுப் போட்டதுபோல் இருந்தது; இடைவெளி வந்ததும் நிழல் விழுந்தது. அந்த நிழலில்தான் அது விமானமாகியது.

மூக்கை அடைக்க ஃபேண்டம் போர் விமானக் கிட்டில் மிஞ்சிய எரிபொருள் தொட்டி ஒன்றின் முன்பாதியை வைக்கலாமா? கூர்மை சரியாக வருகிறது.

கொட்டகை 7

வைக்கலாம். ஆனால் அதை உலோக நிறத்தில் அடிக்காதீர்கள். ரேடார் அலை உலோகத்தைத் தாண்டாது. ரேடாரை மூடும் மூக்கு வேறு பொருளில் செய்வது, அதனால் நிறமும் வேறாகத்தான் இருக்கும். கறுப்போ மங்கிய பச்சையோ அடியுங்கள்.

நீலச்சிறகு

சாம்பல் பிரைமர் அண்ணா சொன்னதை நான் மறுக்கிறேன். விண்கப்பலுக்கு அந்த விதி சரி, விமானத்துக்குச் சரியில்லை. உண்மையான விமானங்களே எத்தனை முறை உதிரிகளில் பிறந்திருக்கின்றன என்று பாருங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது ஜெர்மனியின் யுங்கர்ஸ் 287. முன்னோக்கிச் சாய்ந்த இறக்கை கொண்ட ஜெட் குண்டுவீச்சு விமானம். அந்த இறக்கை குறைந்த வேகத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிக்க மட்டும் ஒரு விமானம் அவசரமாகத் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலம், புதிதாகச் செய்ய நேரமில்லை. ஹெயின்கல் 177 குண்டுவீச்சு விமானத்தின் உடலை எடுத்தார்கள். முதன்மைச் சக்கரங்கள் யுங்கர்ஸ் 352 என்ற சரக்கு விமானத்தினுடையவை. மூக்குச் சக்கரங்களை ஜெர்மன் மண்ணில் விழுந்து கிடந்த அமெரிக்க லிபரேட்டர் விமானங்களிலிருந்து கழற்றினார்கள். எதிரியின் சக்கரத்தில் ஓடி 1944 ஆகஸ்டில் அது பறந்தது. சக்கரங்கள் உள்ளே மடங்காது. சோதிப்பது குறைந்த வேகத்தை என்பதால் மடங்கத் தேவையும் இல்லை. யாராவது இதை மாடலாகச் செய்து போட்டியில் வைத்தால் “கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டியிருக்கிறார்” என்று நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்!

நாற்பது ஆண்டு கழித்து அமெரிக்காவில் எக்ஸ்-29 என்ற சோதனை விமானம். அதே முன்சாய்வு இறக்கை, அதே சிக்கனம். முன்னுடலும் மூக்குச் சக்கரமும் எஃப்-5ஏ போர் விமானத்தினுடையவை, முதன்மைச் சக்கரங்கள் எஃப்-16 போர் விமானத்தினுடையவை. என்ஜின் எஃப்404, உதிரிப்பெட்டியின் வீட்டுக்கு மேல் தேஜஸைத் தூக்கிக்கொண்டு போகும் குடும்பத்து என்ஜின்தான். 1984 டிசம்பரில் முதலில் பறந்தது.

ஆஸ்திரேலியாவின் பூமராங்கைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஜப்பான் போரில் இறங்கியபோது ஆஸ்திரேலியாவில் சொந்தமாகச் சண்டை விமானம் கட்டிய அனுபவமே இல்லை. கையில் இருந்தது வைராவே என்ற பயிற்சி விமானத்தின் தொழிற்சாலை வரிசை. பியூஃபோர்ட் குண்டுவீச்சு விமானத்துக்காக உள்நாட்டில் செய்துவந்த 1,200 குதிரைத் திறன் ட்வின் வாஸ்ப் என்ஜினும் இருந்தது. பயிற்சி விமானத்தின் பாகங்களைச் சுற்றி ஒரு சண்டை விமானத்தை வரைந்து, 1942 மே மாத இறுதியில் பறக்கவிட்டுவிட்டார்கள். 250 செய்தார்கள். குட்டையாக, தடித்த கழுத்தோடு இருக்கும். அதன் சக்கரத்தைப் பார்த்தால் வைராவே தெரியும். தெரிவதால்தான் அது என் மனத்தைத் தொடுகிறது. அந்த நாட்டிடம் வேறு எதுவும் இல்லை என்பதை அந்தச் சக்கரம் சொல்கிறது.

எல்லாவற்றையும் சாம்பலில் முக்கினால் இந்தக் கதை எங்கே போகும்?

சாம்பல் பிரைமர்

நல்ல பதில். ஆனால் நீங்கள் சொன்ன எல்லாவற்றிலும் ஒரு தேவை முன்னால் நிற்கிறது: இறக்கையைச் சோதிக்க வேண்டும், ஜப்பானைத் தடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாகம். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். டின்னில் நான்கு என்ஜின் கிடக்கிறது, ஆகவே நான்கையும் ஒட்டுகிறோம். அப்படிப்பட்ட மாடல்களைப் பார்த்துச் சலித்துப் போய்த்தான் “மறையுங்கள்” என்கிறேன். தேவை இல்லாதபோது பாகமாவது மறையட்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் எஃப்-82 ட்வின் மஸ்டாங்கைப் பார்த்தால் இரண்டு மஸ்டாங் போர் விமானங்களை நடுவில் ஒரு துண்டு இறக்கை வைத்து ஒட்டியதுபோல் தெரியும். கிட் வைத்திருப்பவர்களுக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். உண்மையில் அது பெரும்பாலும் புதிய விமானம், உடல்கூட நீளம். 1947இல் அந்த வகை ஒன்று ஹவாயிலிருந்து நியூயார்க் வரை, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நடுவில் எரிபொருள் நிரப்பாமல் போய்ச் சேர்ந்தது. ஒட்டியதுபோல் தெரிவது ஒன்று, ஒட்டுவது வேறு. இரண்டு மஸ்டாங் கிட்டை ஒட்டினால் எஃப்-82 வராது.

நீலச்சிறகு

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெர்மனியின் ஹெயின்கல் 111இசட் வரும்! அது உண்மையாகவே இரண்டு ஹெயின்கல் 111 குண்டுவீச்சு விமானங்களைச் சேர்த்து, நடுத்துண்டு இறக்கையில் ஐந்தாவது என்ஜினை வைத்தது. மெஸ்ஸர்ஷ்மிட் 321 என்ற, என்ஜின் இல்லாத ராட்சதக் கிளைடரை இழுக்க மூன்று விமானங்கள் தேவைப்பட்டன. அதற்குப் பதில் இது ஒன்று.

குட்டி டாங்கி

விமானக்காரர்களுக்கு நடுவில் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் 1/35 கவச வண்டிகள் செய்பவள்.

எங்கள் பக்கம் இது அன்றாட வழக்கம். ஜெர்மனியின் டாங்கி எதிர்ப்பு வண்டியான மார்டர் 3இன் ஆரம்ப வகையை எடுங்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த டாங்கியின் அடித்தளம், அதன்மேல் சோவியத்திடம் கைப்பற்றிய 76.2 மில்லிமீட்டர் பீரங்கி, சுற்றிலும் ஜெர்மானியரின் மெல்லிய தகடு. மூன்று நாட்டு உலோகம் ஒரே வண்டியில். உயரமாக, நிலையில்லாததுபோல் நிற்கும். அந்த உயரமே பீரங்கிக்கு வேறு இடமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறது.

கற்பனை வண்டிகளில் என் குரு ஜப்பானின் கோ யோகோயாமா. 1982இல் ஹாபி ஜப்பான் இதழில் அவருடைய கவச உடைகளும் நடக்கும் வண்டிகளும் தொடராக வந்தன. இன்று மாஷினென் க்ரீகர் என்று சொல்கிறோம். கிட் உதிரிகளில் கையால் செய்தவற்றைப் பிறகு நிட்டோ நிறுவனம் கிட்களாகவே வெளியிட்டது. அவற்றில் வெல்டிங் தடம் இருக்கும், சேறு இருக்கும், மனிதர் உள்ளே ஏறும் மூடி இருக்கும். அந்த மூடியைத் திறந்து எப்படிக் காலை வைத்து ஏறுவார் என்று எனக்குப் புரிந்தால் மீதியை நம்பிவிடுவேன். நான் எதைச் செய்தாலும் ஆள் ஏறும் வழியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

பணம் மிச்சப்படுத்த ஒன்று சொல்கிறேன். வீட்டில் தூக்கி எறியும் மூடிகள், டப்பாக்கள் எல்லாம் உதிரிதான். ஆனால் அடியில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்கள். 6 என்றிருந்தால் பாலிஸ்டைரீன். நம் கிட்களும் அதே பொருள், பிளாஸ்டிக் சிமெண்ட் உருக்கி ஒன்றாக்கிவிடும். 2, 4, 5 என்றிருந்தால் அந்தச் சிமெண்ட் பிடிக்காது, பெயின்டும் தோலாக உரிந்து வரும். ஷாம்பு மூடியில் அழகான ராக்கெட் முனை செய்து, பெயின்ட் முழுக்க நகத்தோடு வந்த அனுபவம் எனக்கு உண்டு.

புதுக்கை

அக்கா, இடைவெளியை நிரப்ப எம்-சீல் போதுமா, மாடல் புட்டிதான் வேண்டுமா?

குட்டி டாங்கி

பெரிய பள்ளத்துக்கு எம்-சீல் தாராளமாகப் போதும். நீரில் விரலை நனைத்துத் தடவினால் வழவழப்பாக வரும், சுருங்காது. முடி போன்ற கோட்டுக்கு அது கரடு. அதற்கு மாடல் புட்டி, இல்லையென்றால் சூப்பர் பசை விட்டு மேலே சமையல் சோடா தூவுங்கள், நொடியில் கல்லாகும். அன்றே தேய்த்துவிடுங்கள். மறுநாள் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். உப்புத்தாள் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டு அதை மேடாக விட்டுவிடும்.

உதிரிப்பெட்டி

பத்து நாள் வேலையைச் சொல்கிறேன்.

மிக்கின் முன்பக்கத்தில் கன்னம் வரும் இடத்தைப் பென்சிலால் குறித்து, ஜாகுவார் நுழைவாயின் உள்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தேன். மிக்கின் உடல் உருளை. ஜாகுவாரின் பக்கம் தட்டை. ஆகவே உப்புத்தாளை மிக்கின் உடல்மேலேயே சுற்றி ஒட்டி, அதன்மேல் நுழைவாயை வைத்து முன்னும் பின்னும் இழுத்தேன். உடலின் வளைவு அப்படியே நுழைவாயில் இறங்கியது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மாலை முழுக்க ஆனது. வெள்ளைத் தூள் முழங்கை வரை.

பிறகு ஒரு மில்லிமீட்டர் பட்டை, அதன்மேல் நுழைவாய். சிமெண்ட் விட்டு ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. பின்பகுதி உடலோடு கலக்கும் இடத்தில் எம்-சீல். மூக்குத் தொட்டிக்குள் தூண்டிலுக்குப் போடும் ஈயக் குண்டுகளை நிரப்பினேன். இல்லையென்றால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும்.

ஒரு தவறு செய்துவிட்டேன். விமானி மூடியைச் சூப்பர் பசையில் ஒட்டினேன். காலையில் கண்ணாடி உள்ளே வெள்ளை ஆவி படிந்து கண்புரைபோல் நின்றது. கழற்றி, மெல்ல மெருகேற்றி, வெள்ளைப் பசையில் மீண்டும் ஒட்டினேன்.

இப்போது பெயின்ட் கட்டம். பிரைமரைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று நாளாக அடிக்காமல் நிற்கிறேன். மிக் உடல் நம் பழைய மிக்குகள்போல் வெறும் உலோக நிறம். நுழைவாய்களில் ஜாகுவாருக்கு முன்பு நான் அடித்த பச்சையும் சாம்பலும் இன்னும் இருக்கின்றன. மறைப்பதா, விடுவதா?

கொட்டகை 7

நான் பார்த்ததைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

ஒரு விமானம் பறக்க வேண்டும், பாகம் வரவில்லை. பக்கத்தில் வேறு காரணத்துக்காக நிற்கும் விமானத்திலிருந்து அதைக் கழற்றி இதில் போடுவோம். முறையாகப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான். மூடித் தகடு ஒன்று அப்படி வரும். அந்த விமானம் வெயிலில் வேறு விதமாக வெளுத்திருக்கும். ஓடுதளத்தில் தூரத்திலிருந்து பார்த்தாலே அந்த ஒரு தகடு தனியாகத் தெரியும். எங்களுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தத் தகட்டைப் பார்க்கும்போது மாலைக்குள் விமானத்தைத் தயார் செய்த நாள் நினைவுக்கு வரும்.

இதைவிடப் பெரிதாகவும் நடந்திருக்கிறது. நீலச்சிறகு சொன்ன லிபரேட்டர் விமானங்களைப் போர் முடிந்ததும் கான்பூரில் குவித்து, யாரும் மறுபடி பறக்கவிடக் கூடாது என்று உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குவியலிலிருந்து எச்ஏஎல் (இந்துஸ்தான் விமான நிறுவனம்) ஆட்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தேற்றி எடுத்தார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் அப்படித்தான் வந்தன. 1968 வரை படையில் இருந்தன.

சீனாவிலும் ஒன்று. 1941இல் ஒரு டிசி-3 பயணிகள் விமானம் தரையில் நின்றபோது ஜப்பானியக் குண்டில் ஒரு இறக்கையை இழந்தது. மாற்று இறக்கை கையிருப்பில் இல்லை. ஹாங்காங்கில் இருந்தது டிசி-2இன் இறக்கை, ஐந்து அடி குட்டை. இன்னொரு விமானத்தின் வயிற்றில் கட்டிக் கொண்டுவந்து பொருத்தினார்கள். இடமும் வலமும் நீளம் வேறு வேறாகவே அது பறந்து ஹாங்காங் போய்ச் சேர்ந்தது. டிசி-இரண்டரை என்று பெயர் வைத்தார்கள். தொழில் தெரிந்தவர்கள் அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை, வணக்கத்தோடுதான் சொல்வார்கள்.

உதிரிப்பெட்டி

ஐயா, முடிவு செய்துவிட்டேன். பிரைமர் அடித்தேன், ஆனால் மூட்டுகளில் மட்டும். விளக்கைத் தாழ வைத்துப் பார்த்ததில் இடது பக்கம் முடியளவு படி தெரிந்தது, தேய்த்துச் சரிசெய்தேன். உடலுக்கு உலோக நிறம். கன்னங்கள் பச்சையும் சாம்பலுமாகவே இருக்கின்றன. பச்சைப் பட்டை ஒன்று மூட்டில் வந்து கத்தியால் அறுத்ததுபோல் நிற்கிறது. ஜாகுவாரில் அது இறக்கை வரை போயிருக்கும்.

தேவையையும் எழுதி வைத்தேன்: மூக்கில் பெரிய ரேடார் வைத்துச் சோதிக்க ஒரு பறக்கும் மேடை. பணிமனையில் இருக்கும் மிக் ஒன்று, விபத்தில் இறக்கை போன ஜாகுவார் ஒன்று. ஒரே ஒரு விமானம், இரண்டு ஆண்டு பறந்தால் போதும். இறக்கைக்கு அடியில் ஆயுதம் எதுவும் இல்லை; வலப்பக்கம் ஒரு படக்கருவிப் பெட்டி மட்டும்.

மூக்குச் சக்கரத்தின் இடது கதவு ஒன்றுதான் குறைகிறது. 1/72இல் சுமார் 14 மில்லிமீட்டர் நீளம். யாரிடமாவது இருக்குமா?

சாம்பல் பிரைமர்

என் கருத்து மாறவில்லை. விண்கப்பல் செய்தால் சாம்பல்தான். ஆனால் அந்த அறுந்த பச்சைப் பட்டையைப் படத்தில் பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தேன்.

ஹண்டர் கிட்டில் மிஞ்சிய கதவு ஒன்று என்னிடம் இருக்கிறது, 15 மில்லிமீட்டர் வரும். வெளிப்பக்கம் பழைய கடல்சாம்பல் நிறம் அடித்திருக்கிறேன். முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள், நாளைத் தபாலில் போட்டுவிடுகிறேன். ஓரத்தில் அரை மில்லிமீட்டர் அரத்தால் தேய்த்தால் பொருந்தும். பெயின்டை உரிக்க வேண்டாம்.